டீக்கடை சென்டர் பஞ்சாயத்தும் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளமும்

அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கெட்பால் லீக்கில் ஆடிய ஷகீல் ஓ'நீல் (சுருக்கமாக ஷாக்) 2011 ஜூன் 1 அன்று ஓய்வை அறிவித்தார். 19 சீசன், 28,596 பாயின்ட், நான்கு சாம்பியன்ஷிப். "சென்டர்ல யார்றா பெரிய ஆளு?" என்ற பஞ்சாயத்து அதற்கு முன்பே இருந்ததுதான் (சென்டர் என்றால் கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் உயரமான ஆள்). ஷாக் மூட்டை கட்டியதும் சூடு பிடித்தது, இன்னும் ஆறவில்லை. வியாசர்பாடியில் பந்து என்றால் கால்பந்து. ஐ.சி.எஃப்., பெரம்பூர் பக்கம் வந்தால் காலையில் பாஸ்கெட்பால் ஆடிவிட்டு டீ கிளாஸோடு நின்று ஷாக், கரீம், ரஸ்ஸல் என்று வெவ்வேறு காலத்து சென்டர்களுக்கு ஆளுக்கொரு கட்சி கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். பேச்சு முற்றியதும் யாராவது ஒருவர் போனை எடுப்பார். திறப்பது பெரும்பாலும் ஒரே தளம்: ஆட்டக்காரர்களின் எண்களைச் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ்.

இந்த மதிப்புரை அந்தத் தளத்தைப் பற்றியது. அதுவும் ஒரே வேலைக்கு: வெவ்வேறு காலத்து சென்டர்களை அதை வைத்து நியாயமாக ஒப்பிட முடியுமா? முடியும். தளம் இலவசம், வேகமானது, பதிவான எண்களை நம்பலாம். ஆனால் அந்தக் காலத்தில் எண்ணாமல் விட்டதை அது காலிக் கட்டமாகக் காட்டும். அந்தக் காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று படித்தால் பாதி சென்டர்களுக்கு அநியாயம் நடந்துவிடும்.

முதலில் கைப்பழக்கம். தேடல் பெட்டியில் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்தாலே பட்டியல் விழும். ஓ'நீல் என்று மட்டும் போட்டால் ஜெர்மைன் ஓ'நீலும் வருவார், அவரும் சென்டர் ஆடியவர்தான். பேட்ரிக் யூயிங் என்றால் அப்பா, மகன் இரண்டு பேரும் வருவார்கள். பக்கத்தில் இருக்கும் வருடத்தைப் பார்த்துத் தொடுங்கள். ஆட்டக்காரர் பக்கத்தில் பெர் கேம் (ஆட்டத்துக்குச் சராசரி), டோட்டல்ஸ் (மொத்தம்), 36 நிமிடக் கணக்கு, 100 பொசெஷன் கணக்கு (பொசெஷன் என்றால் பந்து ஓர் அணியின் கையில் இருக்கும் ஒரு முறை), அட்வான்ஸ்ட் (சூத்திரம் போட்டு எடுத்த எண்கள்) என்று அட்டவணைகள் அடுக்காக இருக்கும். ரெகுலர் சீசனும் ப்ளே ஆஃபும் (அதற்குப் பிறகு சாம்பியனை முடிவு செய்யும் சுற்றுகள்) தனித்தனி. எது திறந்திருக்கிறது என்று பார்க்காமலே எண்ணைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வது டீக்கடையில் தினசரி நடப்பது.

போனில் அட்டவணை வலப்பக்கமாக நீளும், பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) எண்ணெல்லாம் திரைக்கு வெளியே ஒளிந்திருக்கும். போனைப் படுக்கவாட்டில் பிடித்தால் பாதிச் சிரமம் குறையும். பத்தியின் தலைப்பைத் தொட்டால் அந்த எண்ணின்படி வரிசை மாறிவிடும். பெரிய வசதிதான், ஆனால் வருட வரிசை கலைந்துபோகும், திரும்ப வேண்டுமென்றால் பக்கத்தை மறுபடி திறப்பதே சுலபம். விளம்பரங்கள் நடுவே வந்து விரலுக்கு வழி விடாது. ஒவ்வொரு அட்டவணைக்கும் மேலே குளோஸரி என்ற பொத்தான் உண்டு, எந்தச் சுருக்கெழுத்துக்கு என்ன அர்த்தம் என்பதை அது சொல்லும். அதை யாரும் தொடுவதில்லை.

இப்போது காலிக் கட்டங்களுக்கு வருவோம். என்.பி.ஏ. பிளாக்கையும் ஸ்டீலையும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எண்ண ஆரம்பித்தது 1973-74 சீசனில். பில் ரஸ்ஸல் 1969-இல் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொரு பழைய சென்டர் வில்ட் சேம்பர்லினின் கடைசி சீசன் 1972-73. அதனால் பிளாக் என்ற பத்தியில் இருவருக்கும் ஒன்றுமே இருக்காது. தளத்தின் பிளாக் பட்டியலில் 3,830-உடன் ஹக்கீம் ஒலாஜுவான் முதலிடம். அந்தப் பட்டியலுக்கு 'எல்லாக் காலத்திலும்' என்று அர்த்தம் எடுக்கக் கூடாது, '1973-க்குப் பிறகு' என்றுதான் எடுக்க வேண்டும். கரீம் அப்துல்-ஜப்பாருக்கு 3,189 என்று இருக்கும். அவருடைய முதல் நான்கு சீசன்கள் அதில் சேராது. அந்த நான்கில் இரண்டு (1971, 1972) அவர் எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கிய சீசன்கள், கால் நல்ல இளமையில் இருந்த நேரம். ஆட்டத்துக்கு 2.6 என்று தளம் காட்டும் சராசரி, எண்ணப்பட்ட சீசன்களை மட்டும் வைத்துப் போட்டது. அவர்களுக்கும் முந்தைய சென்டர் ஜார்ஜ் மைகன் இன்னும் பாவம். 1950-51-க்கு முன் ரீபவுண்டே (தவறிய ஷாட்டைப் பொறுக்குவது) எண்ணவில்லை, 1951-52-க்கு முன் நிமிடமும் இல்லை.

இந்தக் குறை நம்மூர் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். இங்கே மேஜையில் வைத்து எழுதும் ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) ஸ்கோர்ஷீட்டில் பாயின்ட், ஃபவுல், டைம் அவுட் ஆகியவற்றுக்குத்தான் இடம். ரீபவுண்டுக்கோ பிளாக்குக்கோ கட்டமே கிடையாது. உள்ளே நின்று பத்து ஷாட்டைக் கெடுத்துவிட்டு நான்கு பாயின்ட் போட்ட சென்டர், தாளில் வெறும் நான்கு பாயின்ட் ஆள். ரஸ்ஸலின் பக்கத்தைத் திறக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த பொறி விருதுகள். ரஸ்ஸல் 13 சீசனில் 11 சாம்பியன்ஷிப் வென்றவர், ஆனால் அவர் பக்கத்தின் மேலே ஃபைனல்ஸ் எம்.வி.பி. (இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்) என்ற வரியே இராது. அந்த விருது தொடங்கியது 1969-இல், அவருடைய கடைசி ஃபைனல்ஸில். அதையும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். பிறகு 2009-இல் அந்த விருதுக்கே ரஸ்ஸல் பெயரை வைத்தார்கள். ஆல்-டிஃபென்சிவ் அணி (சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் பட்டியல்) 1968-69-இல்தான் வந்தது, ஆகவே அதில் ரஸ்ஸலுக்கு ஒரே ஒரு தடவை. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது 1982-83-இல் வந்தது. ஷாக்குக்கு மூன்று ஃபைனல்ஸ் எம்.வி.பி., ரஸ்ஸலுக்கு ஒன்றுகூட இல்லை என்று ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுகிறவருக்கு இந்த வருடங்களைச் சொன்னால் பேச்சு அடங்கிவிடும்.

விருதுப் பக்கத்தில் இன்னொரு சுவையான விஷயமும் இருக்கிறது. 1961-62 சீசனைத் திறந்து பாருங்கள். வில்ட் ஆட்டத்துக்கு 50.4 பாயின்ட், 25.7 ரீபவுண்ட். எம்.வி.பி. யார்? 18.9 பாயின்ட் போட்ட ரஸ்ஸல். அதே சீசனில் ஆல்-என்.பி.ஏ. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியல்) முதல் அணியின் சென்டர் வில்ட், ரஸ்ஸல் இரண்டாவது அணியில். அப்போது எம்.வி.பி.க்கு ஓட்டுப் போட்டது ஆட்டக்காரர்கள், ஆல்-என்.பி.ஏ. அணியைத் தேர்ந்தெடுத்தது பத்திரிகையாளர்கள். கூட ஆடி இடி வாங்கியவர்கள் ஒருவரைச் சொல்ல, வெளியே உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்னொருவரைச் சொன்னார்கள். தளம் இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறது, ஏன் என்று மட்டும் எழுதாது.

வில்ட் எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் பெரும்பாலான சண்டை. "50 பாயின்ட்டுண்ணா, ஒரு சீசன் பூரா!" என்று ஒரு தம்பி சொன்னால், "அப்ப யார்றா டிஃபென்ஸ் ஆடுனா?" என்று அண்ணன் மடக்குவார். இரண்டும் வெறும் சத்தம். தளத்தில் லீக் ஆவரேஜஸ் என்று ஒரு பக்கம் உண்டு, சீசன் வாரியாக ஓர் அணியின் சராசரி ஆட்டம் எப்படி இருந்தது என்று காட்டும். இந்தப் பஞ்சாயத்துக்கு முழுத் தளத்திலும் மிகப் பயனுள்ள பக்கம் அதுதான்.

1961-62-இல் ஓர் அணி ஆட்டத்துக்கு 118.8 பாயின்ட் எடுத்தது, 100-க்கு மேல் ஷாட் அடித்தது, அதில் 42.6 சதவீதம்தான் விழுந்தது. ஓட்டமும் அதிகம், தவறிய ஷாட்டும் அதிகம், எனவே பொறுக்க ரீபவுண்டும் ஏராளம்: அணிக்கு 71 வாக்கில். ஷாக்கின் உச்சமான 1999-2000-இல் அணிக்கு 97.5 பாயின்ட், 82 ஷாட், ரீபவுண்ட் 43 வாக்கில். இனி வகுத்துப் பாருங்கள். வில்டின் 25.7 ரீபவுண்ட், அன்றைய ஓர் அணியின் சராசரியில் 36 சதவீதம். ஷாக்கின் 13.6, அவர் காலத்து சராசரியில் 32 சதவீதம். இரண்டு மடங்கு என்று தெரிந்தது இப்போது எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. ஷாக் ஆடியது 40 நிமிடம், வில்ட் 48.5 நிமிடம் (ஓவர்டைம் சேர்ந்ததால் 48-ஐத் தாண்டுகிறது, மனுஷன் அநேகமாக உட்காரவே இல்லை). நிமிடத்தையும் சமன் செய்தால் ரீபவுண்டில் இருவரும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

பாயின்ட்டில் கதை வேறு. 50.4-ஐ 118.8-ஆல் வகுத்தால் 42 சதவீதம். ஷாக்கின் 29.7-ஐ 97.5-ஆல் வகுத்தால் 30, நிமிடத்தைச் சமன் செய்தாலும் 37. காலத்தின் வேகத்தைக் கழித்த பிறகும் வில்ட் முன்னால்தான் நிற்கிறார். 48.5 நிமிடம் நின்று ஆடும் உடம்பு தனித் திறமை, அதைச் 'சமன் செய்து' அழிப்பதும் முழு நியாயம் ஆகாது. எது வேண்டும் என்பதை ஒப்பிடுகிறவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

100 பொசெஷன் கணக்கு இந்த வேலையைத் தானே செய்யுமே என்று கேட்கலாம். அந்த அட்டவணை 1973-74-க்கு முந்தைய ஆட்டக்காரர்களுக்குக் கிடையாது. பாக்ஸ் பிளஸ்-மைனஸ் என்ற மதிப்பீட்டு எண்ணும் அப்படியே. அதனால்தான் கையால் வகுக்க வேண்டியிருக்கிறது.

வில்டின் 100 பாயின்ட் ஆட்டமும் இங்கே உண்டு: 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி, 169-147. 63 ஷாட்டில் 36, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்) 32-இல் 28. வாழ்நாள் சராசரி 51.1 சதவீதம் உள்ள ஆள் அன்று 28 போட்டிருக்கிறார்! அந்தச் சீசனில் அவர் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து இரு கையால் தூக்கிப் போட்டார் என்பதைத் தளத்தின் எண்கள் சொல்லாது.

ஃப்ரீ த்ரோ என்றதும் ஷாக்குக்கு வந்துவிடலாம். தளத்தின் டோட்டல்ஸ் அட்டவணையில் 11,252 முயற்சி, 5,935 வெற்றி. மூன்று பாயின்ட் ஷாட் 22-இல் 1. (அந்த ஒன்றைத் தேடி அவர் கேம் லாக்கைப் புரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.) "ஃப்ரீ த்ரோ போடத் தெரியாதவன் எப்படிடா பெஸ்ட்டு?" என்பது வழக்கமான குத்து. அதற்கும் இதே தளத்தில் பதில் கிடைக்கும். 1999-2000-இல் ஷாக்கின் ஃப்ரீ த்ரோ 52.4 சதவீதம். அவரைப் பிடித்து இழுத்து இரண்டு ஷாட் கொடுத்தால் சராசரியாக 1.05 பாயின்ட். அதே சீசனில் லீக் முழுக்க ஒரு பொசெஷனுக்கு எடுத்த சராசரி 1.04. ஆக, அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது சராசரி அணியின் ஒரு முயற்சிக்கு வழி விட்டதற்குச் சமம். ஷாக் ஆடிய லேக்கர்ஸ் சராசரிக்கு மேலான அணி என்பதால் எதிரணிக்குச் சிறு லாபம் இருந்திருக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆறு ஃபவுல்தான் கணக்கு, அது தீர்ந்தால் பெரிய ஆட்கள் பெஞ்சுக்குப் போவார்கள். ஃபவுல் வரம்பு தாண்டியதும் மற்ற லேக்கர்ஸ் ஆட்களைத் தொட்டாலும் ஃப்ரீ த்ரோ. கடைசி ஷாட் தவறினால் ரீபவுண்டுக்கு வேறு சண்டை. கூட்டிக் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

அந்த வருட ஃபைனல்ஸில் மட்டும் அவர் ஃப்ரீ த்ரோ 38.7 சதவீதத்துக்கு விழுந்தது. இரண்டு ஷாட்டுக்கு 0.77 பாயின்ட்தான், அங்கே ஃபவுல் செய்தது உண்மையிலேயே லாபம். அப்படியும் ஆட்டத்துக்கு 38 பாயின்ட், 16.7 ரீபவுண்ட் எடுத்து இண்டியானாவை 4-2 என்று முடித்துவிட்டார். அந்தச் சீசன் எம்.வி.பி. ஓட்டுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள், முதலிட ஓட்டு 121-இல் 120 ஷாக்குக்கு. ஒரே ஒரு சீசனை மட்டும் எடுத்து சென்டர் யார் என்று கேட்டால் நம் ஓட்டும் அந்த ஷாக்குக்கே.

ப்ளே ஆஃப் பத்தியைக் கையாளும்போது கவனம் வேண்டும். ஹக்கீம் ரெகுலர் சீசனில் 21.8 பாயின்ட், ப்ளே ஆஃபில் 25.9. வில்ட் 30.1-இலிருந்து 22.5-க்கு இறங்குகிறார். இதைக் காட்டி 'வில்ட் பெரிய ஆட்டத்தில் காணாமல் போனவர்' என்று எழுதிவிடுவார்கள். அவருடைய ப்ளே ஆஃப் ஆட்டங்களை வருட வாரியாக எண்ணினால் பெரும்பகுதி 1967-க்கு அப்புறம் வரும், அவரே ஷாட்டைக் குறைத்து மற்றவர்களுக்குப் பந்து கொடுத்த காலம். 1967-68-இல் மொத்த அசிஸ்டில் (கூடை விழ வழிசெய்த பாஸ்) லீக்கிலேயே அவர் முதலிடம். வயதான வில்டின் ப்ளே ஆஃபை, இளம் வில்ட் கலந்த ரெகுலர் சீசனோடு ஒப்பிட்டால் இறக்கம் வரத்தான் செய்யும். சீசனுக்குச் சீசன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இறக்கம் அவ்வளவு இல்லை, அடியோடு இல்லாமலும் போகாது.

நேருக்கு நேர் என்று பார்க்க 1995 ஃபைனல்ஸைத் திறக்கலாம். ஹக்கீமின் ஹூஸ்டன் ஷாக்கின் அணியை 4-0 என்று வென்றது, ஆட்டத்துக்கு அவர் 32.8 பாயின்ட், ஷாக் 28. நான்கு ஆட்டத்தை வைத்து வாழ்நாள் தீர்ப்பு எழுதுகிறவர்கள் ஷாக்குக்கு அப்போது 23 வயது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

ஒற்றை எண்ணில் எல்லாவற்றையும் அடக்கும் அட்வான்ஸ்ட் பத்திகளில் பெர் (PER, ஆட்டக்காரரின் திறனுக்குப் போடும் மதிப்பெண்) என்பதை இந்த விவாதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். ஷாக் 26.4, ரஸ்ஸல் 18.9 என்று காட்டும். அந்தச் சூத்திரம் பாயின்ட்டுக்கு மயங்கும், எண்ணப்படாத தடுப்பாட்டத்தைக் காணாது. வின் ஷேர்ஸ் (அணியின் வெற்றிகளில் ஒருவரின் பங்கு) கொஞ்சம் மேல். ரஸ்ஸலுக்கு 163.5, அதில் 133.6 தடுப்பாட்டத்துக்கு மட்டும், அந்தப் பத்தியில் அவரே முதல். ஆனால் அதுவும் அணி விட்டுக்கொடுத்த பாயின்ட்டை வைத்து ஆளாளுக்குப் பிரித்த மதிப்பீடு.

மோசஸ் மலோன், ஆர்டிஸ் கில்மோர் பெயர் வந்தால் ஏ.பி.ஏ. (அந்தக் காலத்து இன்னொரு லீக்) சேர்ந்திருக்கிறதா என்று அட்டவணைத் தலைப்பைப் பார்க்கவும். மோசஸுக்கு என்.பி.ஏ. மட்டும் 27,409, ஏ.பி.ஏ.வும் சேர்த்தால் 29,580. டிம் டங்கனைத் தளம் பெரும்பாலும் பவர் ஃபார்வர்டாகவே (சென்டருக்கு அடுத்த இடம்) வைத்திருக்கும், அவரைச் சென்டராக எண்ணுவதா என்பது தனிச் சண்டை.

தளத்தின் பெரிய குறையாகத் தோன்றுவது, விதி மாற்றங்கள் எண்களுக்குப் பக்கத்தில் இல்லாதது. மைகனைக் கட்டுப்படுத்த 1951-இல் கூடைக்கடியில் உள்ள பகுதியை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள், வில்ட் காலத்தில் 1964-இல் 16 அடியாக்கினார்கள். 2001-02-இல் ஸோன் தடுப்பாட்டத்தை (ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காப்பது) அனுமதித்தார்கள், ஷாக்கைச் சுற்றி ஆள் நிறுத்துவது எளிதானது. அந்த வருடங்களுக்கு நேரே ஒரு சிறு குறிப்புப் போட்டிருந்தால் எத்தனையோ வாய்ச்சண்டை மிச்சம்.

நம்மூர் சென்டர் தன் எண்ணை ஷாக்கோடு வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால், நமக்கு 40 நிமிட ஆட்டம், அவர்களுக்கு 48. தளத்தின் 36 நிமிட எண்ணை 10-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 40 நிமிடக் கணக்கு. ஷாக்குக்கு அது 27 பாயின்ட் சொச்சம் வரும். நமக்கு ஐந்து ஃபவுலில் வெளியே. ரிம்மில் பட்ட பந்தை இங்கே தட்டிவிடலாம், அங்கே அது கூடைக்கு நேர் மேலே இருக்கும்வரை தொட்டால் தவறு.

முழு வாழ்க்கையையும் எடுத்தால் இந்த மதிப்புரையின் கட்சி கரீம். 1,560 ஆட்டம், 38,387 பாயின்ட் (2023 பிப்ரவரி 7 அன்று லெப்ரான் ஜேம்ஸ் தாண்டும்வரை அசையாத எண்), ஆறு எம்.வி.பி., ஆறு சாம்பியன்ஷிப், அதுவும் நான்கு வருட பிளாக் கணக்கில் வராமலே. மூன்று எம்.வி.பி. எடுத்த நிகோலா யோகிச்சை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பதற்கு அவர் ஆடி முடிக்கட்டும்.

கடைசியாக, அட்டவணையை எடுத்துத் தாங்களே கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு. உலாவியில் டெஸ்க்டாப் தளத்தைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணைக்கு மேலே உள்ள ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்டைத் தொட்டு, சி.எஸ்.வி. என்பதைத் தேர்ந்து, வரும் எழுத்தை நகலெடுத்து ஷீட்டில் ஒட்டினால் போதும். சீசன் நடுவே அணி மாறியவருக்கு மொத்தத்துக்கு ஒரு வரியும் அணிக்கொரு வரியும் இருக்கும். 2007-08 ஷாக் என்றால் மயாமி 33 ஆட்டம், ஃபீனிக்ஸ் 28, மொத்தம் 61. மூன்றையும் கூட்டினால் 122 ஆட்டம் ஆடியதாக வரும், அதனால் மொத்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். '25 பாயின்ட், 12 ரீபவுண்ட், 3 பிளாக் எடுத்த சென்டர் சீசன்கள் எத்தனை' என்பது போன்ற கேள்விக்கு இதே நிறுவனத்தின் ஸ்டாட்ஹெட் இருக்கிறது. டாலரில் சந்தா, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்த கார்டு வேண்டும், கட்டினால் விளம்பரத் தொல்லையும் போகும். கோச்சிங்குக்கோ எழுதுவதற்கோ என்றால் ஒரு மாதம் கட்டிப் பார்க்கலாம். டீக்கடையில் ஜெயிக்க மட்டும் என்றால் வேண்டாம், அந்தக் காசுக்குக் கட்சி பேதமில்லாமல் எல்லோருக்கும் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கலாம்.